கூடத்து ஆசனங்கள்

சென்ற வருஷம் ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டு ஹாலுக்கென்று ஒரு புது சோபா வாங்கினோம். கடையின் குளிர்ந்த மண்டபத்தில், மஞ்சள் விளக்கொளியின் கீழ், எதிரே பன்னிரண்டு அடி தூரத்துக்கு வேறெந்தச் சாமானும் இல்லாத விசாலத்தில் அது வீற்றிருந்த கோலத்தைக் கண்டு மயங்கி, ஐந்து நிமிஷம் அமர்ந்து பார்த்து, ஆறாவது நிமிஷம் பணத்தைக் கட்டிவிட்டு வந்த எங்களுக்கு, அந்த ஆசனத்தின் யோக்கியதை இன்னதென்று தெரிவித்தவள் எழுபத்தாறு வயதான என் அத்தை. ஊரிலிருந்து வந்தவள் அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட உள்ளே இறங்கினாள் என்பதே பொருத்தம். காபி வந்தது, பேச்சு நடந்தது, எல்லாம் முடிந்து எழப்போகையில்தான் விஷயம் வெளிப்பட்டது. ஒரு முறை முன்னால் சாய்ந்து பார்த்தாள். இரண்டாம் முறை பக்கத்தில் கையை ஊன்றினாள், கை மெத்தைக்குள் போயிற்று. மூன்றாம் முறை என் மனைவி வந்து கை கொடுத்தாள். “ஏண்டா, இது உட்கார வாங்கினதா, ஆளை உள்ளே போட்டு மூட வாங்கினதா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாயினும், மறுநாள் முதல் அவள் அந்த சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பால்கனியில் துணி உலர்த்துவதற்காகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே இழுத்துவந்து, சுவரோரமாகப் போட்டு அமர்ந்துகொண்டாள்.

அறிவியலில் சிறிது ஈடுபாடு உள்ளவனாகையால், தோல்வியின் காரணத்தை அளந்தாவது பார்ப்போம் என்று அளவு நாடாவை எடுத்தேன். சோபாவின் ஆசன உயரம் வெறுமனே இருக்கையில் 16 அங்குலம். ஆள் உட்கார்ந்ததும் பஞ்சு அமுங்கி 12 அங்குலம். முன் விளிம்பிலிருந்து முதுகுச் சாய்மானம் வரையிலான ஆழம் 24 அங்குலம். அத்தையின் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தால் 15 அங்குலம். முழங்கால் மடிப்பிலிருந்து பிருஷ்டத்தின் பின்புறம் வரை 17. இந்த எண்களில் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. ஆசனம் கால் நீளத்தைக் காட்டிலும் 3 அங்குலம் தாழ்ந்திருப்பதால், அமர்ந்த மாத்திரத்தில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விடுகிறது. ஆழம் தொடையைக் காட்டிலும் 7 அங்குலம் மிகுந்திருப்பதால், முதுகைச் சாய்த்தால் பாதம் தரையை விட்டு எழும்புகிறது, பாதத்தைத் தரையில் வைத்தால் முதுகு அந்தரத்தில் நிற்கிறது.

உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்திருப்பது என்பது, நாம் நாள்தோறும் நினைவின்றிச் செய்துவிடுகிற காரணத்தால் எளியதாகத் தோன்றினும், உண்மையில் தேகம் செய்யும் நுட்பமான காரியங்களுள் ஒன்று. முதலில் பாதங்கள் இரண்டும் பின்வாங்கி முழங்காலுக்குச் சற்றுப் பின்னே போகவேண்டும். பிறகு உடலின் மேற்பாகம் முன்னே சரிந்து, தேகத்தின் கனமையம் பாதங்கள் பதிந்த இடத்துக்கு நேர்மேலே வந்து சேரவேண்டும். அதன் பின்னரே முழங்காலையும் இடுப்பையும் நிமிர்த்தும் தசைகள் பாரத்தைத் தூக்கத் தொடங்கும். ஆசனம் தாழ்ந்திருக்குந்தோறும் அத்தசைகள் தூக்கவேண்டிய உயரமும் மூட்டில் ஏறும் முறுக்கும் அதிகமாகின்றன. ஆசனம் ஆழமாயிருந்தால் பாதத்தைப் பின்வாங்கவே வழியில்லை. மெத்தை மிருதுவாயிருந்தால் கை ஊன்றுவதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. வாலிபத்தில் தொடைத் தசையின் உபரி வலுவினால் இந்தக் குறைகளையெல்லாம் நாம் அறியாமலே ஈடுகட்டிவிடுகிறோம். அறுபதுக்கு மேல் அந்த உபரி குறைந்துவிடுகிறது. கடையில் ஐந்து நிமிஷம் அமர்ந்து சோதிப்பவர்கள் பெரும்பாலும் நாற்பது வயதுக்காரர்கள். அதுவும் அமர்ந்து சோதிக்கிறார்களேயன்றி எழுந்து சோதிப்பதில்லை.

மிகுந்த ஆழத்தினால் வரும் மற்றொரு உபத்திரவமும் உண்டு. முழங்கால் மடிப்பில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் தோலுக்கு வெகு அருகில், எலும்பின் காவலின்றி ஓடுகின்றன. ஆசனத்தின் முன்விளிம்பு அங்கே அழுத்தினால் கால் மரத்துப்போகும். உட்காரும்போது நம் பாரத்தைத் தாங்குவதற்கென்றே இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முனைகள் இருக்கின்றன. பாரம் அங்கே இறங்கவேண்டுமேயன்றித் தொடையின் நுனியில் இறங்கலாகாது. நன்றாக அமைந்த நாற்காலியில் முதுகு சாய்ந்திருக்கும் நிலையில், விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்கும். சாமான் வாங்கச் செல்பவர்கள் அளவு நாடாவை மறந்துபோனாலும் விரல்களை மறக்க ஹேது இல்லை.

மனித தேகத்தை அளந்து அதற்கேற்ப ஆசனம் செய்யவேண்டும் என்பது தச்சர்களுக்கு என்றும் தெரிந்த சங்கதியேயாயினும், அதைப் பள்ளிக்கூடத்துப் பாடமாக்கிய பெருமை டென்மார்க் தேசத்து கோரே கிளிண்ட் என்பவருக்கு உரியது. 1924-ல் கோபன்ஹேகனின் அரச கலைக்கழகத்தில் மரச்சாமான் வகுப்பைத் தொடங்கிய அவர், மாணவர்களைப் படம் வரையவிடுவதற்கு முன் உடல்களையும் அன்றாடப் பண்டங்களையும் அளக்கவைத்தார். 1948-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பெங்ட் ஓகர்ப்லோம் என்ற வைத்தியர், நிற்றலையும் அமர்தலையும் பற்றி ஒரு நூல் எழுதி, முதுகின் கீழ்ப்பாகத்துக்குத் தாங்கல் இல்லாத நாற்காலி நாற்காலியே அல்ல என்ற கட்சியை நிலைநாட்டினார். 1960-களில் அதே தேசத்து ஆல்ஃப் நாகெம்சன், உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புத் தட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைக் காட்டிலும் தாங்கலின்றி உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்று அவர் கண்டார். 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு தன்னார்வலரின் முதுகில் கருவியைப் பொருத்தி அளந்தபோது அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தென்படவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இருசாராருக்கும் பேதமில்லை: முதுகைப் பின்னே நன்றாகச் சாய்த்து அமர்கையில் அழுத்தம் கணிசமாகக் குறைகிறது. உல்ம் பரிசோதனையில் நின்ற நிலையில் 0.5 மெகாபாஸ்கலாக இருந்த அழுத்தம், நாற்காலியில் தளர்ந்து சரிந்து கிடக்கையில் 0.27 ஆயிற்று. நம் தாத்தாக்கள் முன்றிலில் துணி ஈஸிசேரைப் போட்டுக்கொண்டு, செய்தித்தாளை முகத்தின்மேல் கவிழ்த்து அரைத்தூக்கத்தில் கிடந்ததைச் சோம்பல் என்று பரிகசித்தவர்கள் இந்த இரண்டு எண்களைக் கவனிக்கவேண்டும்.

நாம் இரவல் வாங்கிய ‘சோபா’ என்ற சொல்லின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. அரபு மொழியில் ‘சுஃபா’ என்பது தரையிலிருந்து உயர்த்திக் கட்டி, கம்பளம் விரித்து அமரும் மேடை. அதாவது ஏறக்குறைய நம் திண்ணை. திண்ணையைத் தெருப்பக்கம் இடித்துத் தள்ளிவிட்டு, அதன் தூரத்து உறவுக்காரனை அதிக விலை கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொன்னால் பிழையாகாது. நமது பழைய கூடத்திலோ நிலையான ஆசனம் என்று ஊஞ்சலைத் தவிர அதிகம் கிடையாது. கோரைப்பாயும் ஜமக்காளமும் மணைப்பலகையும் வேண்டும்போது விரிந்து, வேண்டாதபோது சுருண்டன. வந்தவர் நெருங்கியவரானால் பாயை அருகே இழுத்துக்கொண்டார், அந்நியரானால் தூணோரம் தங்கினார். மனிதருக்கிடையே உள்ள தூரத்தை அவரவரே தீர்மானித்துக்கொள்ளும் சுதந்திரம் தரையில் இருந்தது.

இக்காலத்து ஹாலில் அந்தச் சுதந்திரத்தைத் தச்சனும் கடைக்காரரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மூன்று பேர் அமர்வது ஒன்றும் ஒற்றை இருக்கை இரண்டுமாக ஒரு ‘செட்’ வருகிறது. வந்தவுடன் நாம் செய்யும் முதற்காரியம் மூன்றையும் முதுகு சுவரில் இடிக்கும்படி ஒட்டித் தள்ளுவது. நடுவே ஒரு மைதானம் உண்டாகிறது. அதன் கரைகளில் மனிதர்கள் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள்போல் வரிசையாக அமர்கிறார்கள்.

இந்தச் சுவரோர வரிசை மனிதர்களை என்ன செய்கிறது என்பதை அறிய, 1950-களில் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்து மனநோய் மருத்துவமனை ஒன்றுக்குப் போகவேண்டும். அங்கே தலைமை வைத்தியராயிருந்த ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும், மனோதத்துவ அறிஞர் ராபர்ட் சோமரும் முதிய பெண்கள் தங்கும் வார்டு ஒன்றைக் கவனித்தார்கள். வார்டு புதிதாகச் சீர்செய்யப்பட்டது; நல்ல வர்ணம், புது நாற்காலிகள், பார்வையாளர்கள் மெச்சும் துப்புரவு எல்லாம் இருந்தன. ஆனால் அங்கிருந்த மூதாட்டிகள் நாளாக நாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். நாற்காலிகள் சுவரோரமாகத் தோளோடு தோள் வரிசையாக இருந்தன. ஒருவரோடு பேசவேண்டுமானால் கழுத்தைத் தொண்ணூறு பாகை திருப்பவேண்டும். எதிர்வரிசையில் இருப்பவரோடு பேசவேண்டுமானால் கூவவேண்டும். சோமர் சிறு மேஜைகளை நடுவே போட்டு, அவற்றைச் சுற்றி நாற்காலிகளை அமைத்தார். முதலில் எதிர்ப்புத்தான் கிளம்பிற்று. தாதியருக்கு அது ஒழுங்கின்மையாகப்பட்டது, நாற்காலிகள் மறுபடி மறுபடி சுவருக்கே திரும்பின. சில வாரங்கள் விடாமல் நிலைநிறுத்திய பிறகு எண்ணிப் பார்க்கையில் சம்பாஷணை ஏறத்தாழ இரட்டித்திருந்தது; பத்திரிகைகளை வைக்க மேஜை கிடைத்ததால் வாசிப்பு மும்மடங்காயிற்று. மனிதரைக் கூட்டும் அமைப்பு, கலைக்கும் அமைப்பு என்று ஆஸ்மண்ட் 1957-ல் இருவகைப்படுத்திப் பெயரிட்டதன் பின்னணி இதுவே.

அதே மருத்துவமனையின் உணவுக்கூடத்தில் சோமர் மற்றொன்றையும் கண்டார். நீண்ட சதுர மேஜையின் ஒரு மூலையில், செங்கோணமாக அமர்ந்திருப்பவர்கள்தாம் அதிகம் பேசினார்கள். பக்கத்தில் பக்கமாக அமர்ந்தவர்களைப்போல் இரண்டு மடங்கு, நேர் எதிரே அமர்ந்தவர்களைப்போல் ஆறு மடங்கு. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. நேரெதிரே அமர்ந்தால் கண்ணைக் கண்ணிலிருந்து எடுப்பதே மரியாதைக் குறைவாகிவிடுகிறது. மூலையில் அமர்ந்தால் வேண்டும்போது பார்க்கலாம், வேண்டாதபோது ஜன்னலைப் பார்க்கலாம். ஆகவே ஹாலில் மூவர் சோபாவின் ஒரு நுனிக்கருகே ஒற்றை நாற்காலியைக் குறுக்காகப் போட்டுவைப்பது, ஆயிரக்கணக்கில் செலவிட்டு வாங்கும் எந்த அலங்காரத்தைக் காட்டிலும் வீட்டில் பேச்சை வளர்க்கும். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-ல் எழுதிய நூலில், அமெரிக்கர்களைக் கவனித்து, நண்பர்களுக்கிடையே ஒன்றரை அடி முதல் நான்கடி, சாதாரணப் பழக்கத்துக்கு நான்கு முதல் பன்னிரண்டு அடி என்று எல்லை வகுத்தார். தேசத்துக்குத் தேசம் இது மாறும் என்பதையும் அவரே வற்புறுத்தினார். நம்மவர்கள் சற்று நெருங்கியே அமர்வார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சுவரோர வழக்கத்துக்கு நம் வீடுகளில் நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் வெளிநாட்டு நூல்களை மட்டும் படித்தவனாவேன். நமது ஹால் பகலில் வரவேற்பறை, இரவில் படுக்கையறை. நவராத்திரியில் கொலு மண்டபம், நிச்சயதார்த்தத்தன்று ஐம்பது பேர் அமரும் சபை, மற்ற நாட்களில் சமையலறைக்கும் வாசலுக்கும் இடையிலான ராஜபாட்டை. நடுவிடம் காலியாக இருந்தாலன்றி இவ்வளவு வேஷங்களையும் அது போட இயலாது. எனவே நமக்கு வேண்டியது, ஒருவர் ஒற்றைக் கையால் தூக்கி நகர்த்தத்தக்க லேசான நாற்காலிகளேயன்றி, நாலுபேர் சேர்ந்தாலும் அசையாத யானைகள் அல்ல. பாதைக்கு இரண்டரை முதல் மூன்று அடி, டீபாய்க்கும் சோபாவுக்கும் இடையே கை எட்டியும் முழங்கால் இடிக்காமலும் இருக்க ஒன்றரை அடி; இவ்விரண்டும் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம்.

சௌகரியத்துக்கு நம் பக்கத்து உஷ்ணமும் ஒரு நிபந்தனை விதிக்கிறது. சும்மா அமர்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் உஷ்ணத்தை வெளிவிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். அந்த வெப்பம் வெளியேறுவதை உடை எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பதற்கு 1941-ல் ‘குளோ’ என்ற அலகை ஏற்படுத்தினார்கள். ஓர் ஆடவரின் முழு சூட் ஏறத்தாழ 1 குளோ. இந்தக் கணக்கில் நாற்காலியும் ஓர் உடையாகவே சேருகிறது. கனத்த மெத்தை தைத்த நாற்காலி 0.15 குளோவைச் சேர்க்கிறது. அரைக்கைச் சட்டை ஒன்று 0.19. அதாவது மெத்தை நாற்காலியில் அமர்பவர் சித்திரை வெயிலில் ஏறக்குறைய இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு அமர்கிறார். வலைப்பின்னல் நாற்காலி சேர்ப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ரெக்ஸின் போர்த்தியதாயிருந்தால் வேர்வை ஆவியாவதற்கும் வழியின்றி, எழும்போது தோல் சத்தத்தோடு பிரிகிறது. பிரம்பு பின்னிய ஆசனம் இப்பக்கத்தில் இத்தனை காலம் நிலைத்ததற்கு அழகு மட்டும் காரணமன்று. அதன் கண்கள் வழியே முதுகு மூச்சுவிடுகிறது. மின்விசிறியின் காற்றோ, இறக்கை வட்டத்தின் அளவுக்கு ஒரு தூணைப்போல் நேர்கீழே இறங்கித் தரையில் மோதி, பிறகு தரையோரமாகப் பரவுகிறது. விநாடிக்கு 0.8 மீட்டர் வேகக் காற்று மேலே பட்டால் சுமார் 3 பாகை அதிக வெப்பத்தையும் சகித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. சுவரோரத்தில் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு, நடுமைதானத்து டைல்ஸுக்கு நாள்முழுதும் விசிறிக்கொண்டிருக்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்றாக இருந்தது.

சத்தத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். புதுக்குடித்தனம் புகுந்த அன்று காலி ஹாலில் குழந்தை கூப்பிட்டால் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்குவதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். இதன் கணிதத்தைக் கண்டுபிடித்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து இளம் பௌதிக ஆசிரியர் வாலஸ் சபைன். 1895-ல் அங்குள்ள ஃபாக் அருங்காட்சியகத்து விரிவுரை மண்டபத்தில் சொன்ன ஒரு சொல் ஐந்தரை விநாடி வரை எதிரொலித்து, அடுத்த சொற்களை விழுங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை, ஊரடங்கிய இரவுகளில் சுமந்துவந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஒவ்வொரு முறையும் ஓர் ஊதுகுழலின் நாதம் அடங்கும் நேரத்தை அளந்து, விடிவதற்குள் மெத்தைகளை உரிய இடத்தில் திரும்பச் சேர்த்துவிடுவார். அறையின் கன அளவைக் கன மீட்டரில் கணக்கிட்டு, 0.161-ஆல் பெருக்கி, அறையிலுள்ள பொருள்கள் விழுங்கும் ஒலியின் மொத்த அளவால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் கிடைக்கும் என்பது அந்த உழைப்பின் பலன். எங்கள் 15 அடிக்கு 12 அடி ஹாலுக்கு, டைல்ஸும் சுண்ணாம்புச் சுவரும் மட்டுமே இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று விநாடிக்கு மேல் வந்தது. சோபா, திரைச்சீலை, தரையில் ஒரு பவானி ஜமக்காளம், அமர்ந்திருக்கும் நான்கு மனிதர்கள் என்று சேர்த்தால் ஒரு விநாடிக்குக் கீழே இறங்கிவிடுகிறது. மெத்தை உஷ்ணத்தைக் கூட்டினாலும் இரைச்சலைக் குறைக்கிறது. ஆகையால் அதை முற்றிலும் பகிஷ்கரிக்கவும் முடியவில்லை.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இருபது வயதுக் கண்ணின் உட்திரைக்கு எட்டும் ஒளியில் அறுபது வயதுக் கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கே எட்டுகிறது. ஆகவே ஜன்னலை ஒட்டிய இடம் வீட்டில் முதியவருக்கு உரியது, தொலைக்காட்சிக்கு உரியதன்று. ஜன்னலுக்கு எதிரே தொலைக்காட்சியை வைத்தால், படத்தைக் காட்டிலும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியே நன்றாகத் தெரியும். மர விஷயத்தில், தேக்கோ வேம்போ எதுவாயினும் நாரின் குறுக்கே மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்குவது அதன் சுபாவம். நல்ல தச்சர் சட்டத்துக்குள் பலகையைப் பசையில்லாமல் மிதக்கவிடுவது இதற்காகத்தான். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையோ, ஒரு முறை தண்ணீர் பட்டு உப்பினால் திரும்பச் சுருங்காது. அதன் புதுவாசனையில் ஃபார்மால்டிஹைடு கலந்திருக்கிறது. 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. புதுச்சாமான் வந்த வீட்டில் சில வாரங்கள் ஜன்னல்களைத் திறந்தே வைப்பது நலம்.

இனி அழகு. ஒன்றுக்கொன்று அருகில் உள்ளவற்றைக் கண் ஒரு குழுவாகவே சேர்த்துக் காண்கிறது என்று ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் வெர்த்தைமர் 1923-ல் விளக்கினார். சுவரோரமாகச் சிதறிய ஆறு சாமான்கள் ஆறு சாமான்களாகவே தெரியும். அவையே ஒரு ஜமக்காளத்தின் மேல் கூடினால் ஒரு சபையாகத் தெரியும். முதுகுக்குப் பின்னே காப்பும் கண்ணுக்கு முன்னே விசாலமும் உள்ள இடத்தையே மனிதன் நாடுகிறான் என்று 1975-ல் ஜே ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் ஒரு கொள்கையை வெளியிட்டார். வாசலுக்கு முதுகைக் காட்டிய நாற்காலியில் யாரும் விரும்பி அமராததைக் காண்கையில் அது மெய்யென்றே தோன்றுகிறது. என் சொந்த ருசியைக் கேட்டால், எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஹாலைக் காட்டிலும், குடும்பத்தின் வயதைச் சொல்லும் பழைய சாமான் ஒன்றாவது உள்ள ஹாலே எனக்குப் பார்க்க உகந்தது.

அந்த ருசியே எங்களுக்கு வழிகாட்டிற்று. பரணில் கிடந்த தாத்தாவின் கைவைத்த நாற்காலியை இறக்கினோம். கிழிந்த பிரம்பை ஒரு பார்வையற்ற பெரியவர் இரண்டு நாள் எங்கள் வாசலில் அமர்ந்து, ஊறவைத்த நாரை விரல் நுனியாலேயே கண் கண்ணாக எண்ணிப் பின்னிக் கொடுத்தார். ஆசன உயரம் 16 அங்குலம், ஆழம் 16, அமர்ந்தாலும் அரை அங்குலத்துக்கு மேல் இறங்காது. புது சோபாவின் மெத்தைக்கு அடியில் ஒரு பலகையை வைத்து, கால்களுக்கு இரண்டங்குல மரக்கட்டை கொடுத்து, அதைச் சுவரிலிருந்து பிரித்து விசிறியின் பக்கமாக நகர்த்தினோம். அதன் ஜன்னலோர நுனியில், மூலைக்குக் குறுக்காகப் பிரம்பு நாற்காலி.

தை மாதம் அத்தை வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, பழைய நாற்காலியின் கையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு அமர்ந்தாள். சோபா நுனியில் இருந்த என் மனைவியோடு பேச்சு எங்கெங்கோ போயிற்று. அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்ததும், எங்களில் யாரும் அசைவதற்கு முன் இரு கைகளையும் நாற்காலியின் கைகளில் ஊன்றி எழுந்து, உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வந்து பார்த்தால் என் பையன் அந்த நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான்.

“எழுந்திருடா, அது என் இடம்” என்றாள் அத்தை.